ஸ்பூனா, கையா, சங்கா: வாய் திறக்காத குழந்தைக்கு எதைக் கொண்டு ஊட்டுவது?

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து பதினோராம் நாள் முதல் ஸ்பூன் கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன். ஸ்பூன் உதட்டைத் தொட்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தை இடது பக்கம் திருப்பினாள். நானும் ஸ்பூனை இடது பக்கம் கொண்டுபோனேன், உடனே வலது பக்கம் திருப்பினாள். பத்து நாள் இதே கதைதான். கிண்ணத்தைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தாள்.

நான் வேலைக்குத் திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. 2017 முதல் நம் நாட்டில் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். மற்றவர்களுக்கு இந்த 26 வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரியாக ஆறு மாதம். அதாவது குழந்தை தாய்ப்பாலைத் தாண்டி முதல் கவளம் வாங்கவேண்டிய அதே நேரத்தில் அம்மா வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பிறகு ஊட்டப்போவது வேறு ஒருவர். அதனால் 'எதைக் கொண்டு ஊட்டுவது' என்பது எங்கள் வீட்டில் பெரிய கேள்வியாகிவிட்டது.

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "கையால ஊட்டுடி, தானா இறங்கும்" என்றார் அம்மா. அத்தை பரணில் இருந்து வெள்ளிச் சங்கை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார். என் கணவர் அதே சங்கில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டு அக்கா, ஊட்டவே வேண்டாம், தட்டில் வைத்துவிட்டால் குழந்தையே எடுத்துச் சாப்பிடும் என்றார். மருத்துவர் ஸ்பூன் பழக்கச் சொன்னார், அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னார். எல்லோருமே குழந்தைமேல் இருக்கிற அக்கறையில் சொன்னவர்கள்தான். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, படித்து, கேட்டு நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில், குழந்தை ஸ்பூனை ஏன் மறுக்கிறது என்று தெரிய வேண்டும். மார்பில் பால் குடிக்கும்போது வேலை செய்வது நாக்கு. பாலை முன்னிருந்து பின்னுக்கு இழுத்து விழுங்கத்தான் அதற்குத் தெரியும். ஸ்பூனில் இருப்பதை எடுக்க மேலுதடு கீழே இறங்கி வழித்தெடுக்க வேண்டும். அந்த வேலை குழந்தைக்கு முற்றிலும் புதிது. அதோடு, பிறந்ததிலிருந்தே ஓர் அனிச்சைச் செயல் உண்டு. உதட்டிலோ நாக்கு நுனியிலோ கெட்டியாக ஏதாவது பட்டால் நாக்கு அதை வெளியே தள்ளிவிடும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்லக் குறையும். சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். நாம் 'துப்புறா, பிடிக்கல' என்று நினைப்பது பல நேரம் இதுதான். குமட்டலைத் தூண்டும் இடமும் பெரியவர்களைவிட குழந்தைகளுக்கு நாக்கில் முன்னால் இருக்கிறது. ஸ்பூனைக் கொஞ்சம் உள்ளே விட்டாலே குமட்டும். இரண்டு முறை குமட்டிய குழந்தை மூன்றாவது முறை ஸ்பூனைக் கண்டதும் வாயை மூடாமல் என்ன செய்யும்?

அதனால் ஒரு சின்ன சோதனை செய்தேன். கையை நன்றாகக் கழுவி, அதே கூழைச் சுண்டுவிரல் நுனியில் தொட்டு அவள் உதட்டில் வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். அப்படியானால் கூழ் பிடிக்காமல் இல்லை, பசி இல்லாமலும் இல்லை. ஸ்பூன்தான் பிரச்சினை. விரலையும் மறுத்திருந்தால் நேரத்தையோ உணவையோ பார்க்க வேண்டியிருந்திருக்கும்: இப்போதுதான் பால் குடித்ததா, தூக்கக் கலக்கமா, சளி பிடித்திருக்கிறதா என்று. எந்த வீட்டிலும் முதலில் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

சங்கைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. அது பாட்டிமார் கைப்பொருள். இன்றும் அதற்கு நியாயமான இடம் இருக்கிறது. குறை மாதத்தில் பிறந்த, மார்பில் உறிஞ்சத் தெம்பில்லாத சிசுவுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொடுக்க, புட்டியைவிடச் சங்கும் பாலாடையும் நல்லவை. நம் நாட்டு மருத்துவமனைகளில் சிசுப் பிரிவில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. ஆனால் அது பாலுக்கான கருவி. ஆறு மாதக் குழந்தைக்குக் கூழ் கொடுப்பதற்கானது அல்ல.

ஒரு மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அத்தை கஞ்சியை நீர்க்கக் கரைத்து, காலை நீட்டிப் பாப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கடைவாயில் சங்கை வைத்து ஊற்றினார். இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். புரையேறி முகம் சிவந்து, மூக்கு வழியாகக் கஞ்சி வந்துகொண்டிருந்தது. நிமிர்த்தி முதுகைத் தட்டியதும் சரியாகிவிட்டது. அத்தை பயத்தில் அழுதுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பத்துப் பேருக்குச் சமைத்துக்கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், ஐந்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் உள்ளே போய்விட்டால் அவருக்கு நிம்மதி. ஆனால் படுத்திருக்கிற குழந்தையின் கடைவாயில் ஊற்றும்போது, விழுங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அதற்கு இடமே இல்லை. மூச்சு எடுக்கிற நேரத்தில் கஞ்சி போனால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. சங்கில் கொடுப்பதைப் 'புகட்டுவது' என்போம், கையால் கொடுப்பதை 'ஊட்டுவது' என்போம். புகட்டுவது என்றால் புகச் செய்வது. ஊட்டுவது என்றால் உண்ணச் செய்வது. முதலாவதில் குழந்தையின் வாய் ஒரு வழி, அவ்வளவுதான். இரண்டாவதில் உண்பது குழந்தை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்த பிறகு எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எந்தக் கருவியானாலும், குழந்தை தானாக வாயைத் திறந்தால் அது ஊட்டுவது. மூக்கைப் பிடித்து, தாடையை அழுத்தி, அழும்போது திறந்த வாயில் திணித்தால் ஸ்பூனாலும் புகட்டத்தான் செய்கிறோம்.

கை விஷயத்தில் அம்மா சொன்னது உண்மை. பருப்பும் சோறும் நெய்யும் சேர்த்துப் பிசையும்போது சூடு விரலுக்கே தெரிந்துவிடும். ஒரு பருக்கை நசுங்காமல் இருந்தாலும் தெரியும். விரல் மிருதுவாக இருக்கும், அம்மா வாசனை இருக்கும், உலோகத்தின் சில்லிப்பு இருக்காது. என் மகள் முதன்முதலில் ஒரு கிண்ணத்தில் கால்வாசி சாப்பிட்டது அம்மா கையால்தான். சுண்டைக்காய் அளவு உருட்டி, விரல் நுனியில் எடுத்து, "ஆ காட்டு கண்ணு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவளாக முன்னால் வந்து விரலைக் கவ்வினாள்.

கையில் இன்னொரு நன்மையும் உண்டு. அதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். எதைக் கொண்டு ஊட்டுகிறோமோ அதற்குத் தகுந்த பதத்தில்தான் உணவு தயாராகும். சங்குக்கு நீர்க்க வேண்டும். கைக்குக் கெட்டியாக வேண்டும். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும் என்பது கணக்கு. ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவுதான். அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பால் போக, உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை, ஒன்பது மாதத்துக்குப் பிறகு சுமார் 300. முக்கியமானது இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துகொண்டிருக்கும், தாய்ப்பாலில் இருப்பது போதாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இதைப் படித்த பிறகு, 'எத்தனை சங்கு போச்சு' என்று எண்ணுவதைவிட, ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதத்தில் பருப்பு, கேழ்வரகு, கீரை, முட்டை, மீன் என்று கொடுப்பதில்தான் என் கவனம் போனது.

சரி, கையிலேயே தொடர்ந்திருக்கலாமே என்றால், எங்கள் வீட்டு நிலைமை விடவில்லை. நான் வேலைக்குப் போனதும் அவளை விடப்போகிற குழந்தைகள் காப்பகத்தில் ஆறு குழந்தைகளுக்கு இரண்டு பேர். அவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகம் வெட்டி, பொறுமையாக உருட்டி ஊட்டுவார்கள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது? வீட்டிலும் இதில் கவனம் வேண்டும். மிளகாய் நறுக்கிய கை, தண்ணீரில் மட்டும் அலசிய கை என்றால் வயிற்றுப்போக்கில் போய் முடியும். தயிர், கூழ், மசித்த பழம் போன்றவற்றைக் கையால் ஊட்டுவதும் சிரமம். வீட்டில் பாட்டி இருக்கிறார், அம்மாவுக்கு வெளிவேலை இல்லை என்றால், ஸ்பூனுக்காகக் குழந்தையை அழவைக்கவே வேண்டாம் என்பேன். கையே போதும். ஒரு வயதுக்குமேல் ஸ்பூன் தானாக வரும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன முறை மேல்நாட்டில் பிரபலம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜில் ராப்லி என்ற செவிலியர் பரப்பியது. மசித்து ஊட்டாமல், விரல் நீளத்துக்கு மெத்தென்ற துண்டுகளாகக் கொடுத்துக் குழந்தையையே எடுத்துச் சாப்பிடவிடுவது. தொண்டையில் சிக்குமே என்ற பயம் எனக்கும் இருந்தது. நியூசிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று பெற்றோருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தபோது, ஸ்பூனில் சாப்பிட்ட குழந்தைகளைவிட அதிகமாக மூச்சுத்திணறல் வரவில்லை. ஆனால் அந்த 'முறையாகச் சொல்லிக்கொடுத்தபோது' என்பதை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் எல்லாம் கிட்டவே வரக் கூடாது. குமட்டலுக்குச் சத்தம் வரும், நாக்கு வெளியே வரும், குழந்தையே சரிசெய்துகொள்ளும். உண்மையில் அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய், இட்லித் துண்டு இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஏழு மாதக் குழந்தையால் பருப்பு சாதத்தை எடுத்துச் சாப்பிட முடியாது. சின்னதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்க ஒன்பது மாதமாவது ஆகும். இது ஒன்றை மட்டும் நம்பிக் குழந்தையைக் காப்பகத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இந்த முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதுதான் கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது.

புட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பதை நான் பரிசீலிக்கவே இல்லை. ரப்பர் காம்பில் கஞ்சி ஒட்டினால் சுத்தம் செய்வது கடினம். வாய்க்கு உறிஞ்சுவதைத் தவிர எந்தப் பழக்கமும் வராது. புட்டிகளை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

ஆக, ஸ்பூன். நான் செய்த முதல் தவறு ஸ்பூனே. சமையலறையில் இருந்த எவர்சில்வர் டீஸ்பூன் அது. குழி ஆழம், ஓரம் கூர், தொட்டால் சில்லென்றிருக்கும். பெரியவர்களின் மேலுதடு அந்தக் குழிக்குள் இறங்கும், குழந்தையின் உதடு இறங்காது. குழி ஆழமில்லாத, சின்ன, மெத்தென்ற சிலிக்கான் ஸ்பூன் வாங்கினேன். சீராக வந்த வெள்ளி ஸ்பூன் தட்டையாக இருந்தால் அதுவும் ஆகும், வெதுவெதுப்பான நீரில் ஒரு முறை முக்கிவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது தவறு, ஸ்பூனை மேல் ஈறில் உரசி வழித்துவிட்டது. அப்படிச் செய்தால் உணவு உள்ளே போகும், உதடு கற்றுக்கொள்ளாது. பாதி ஸ்பூனுக்கும் குறைவாக எடுத்து, குழந்தையின் கண்ணில் படும்படி, முகத்துக்குக் கீழிருந்து கொண்டுவந்து, கீழுதட்டில் மெதுவாக வைத்து நிறுத்த வேண்டும். காத்திருக்க வேண்டும். வாய் திறந்தால் நாக்கின் முன்பாதியில் லேசாக அழுத்தி வைத்து, மேலுதடு மூடியதும் நேராக வெளியே எடுக்க வேண்டும். மேலே தூக்கக் கூடாது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. நான் எதிரே உட்கார்ந்து என் வாயையும் 'ஆ' என்று திறப்பேன்.

இவ்வளவு செய்தும் அவள் பாதி வழிக்குத்தான் வந்தாள். ஊட்டுகிற கை நெருங்கியதும் ஸ்பூனைத் தட்டிவிடுவாள். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டிவிடுகிற அந்தக் கையிலேயே ஸ்பூனைக் கொடுத்துவிட்டால் என்ன? நான்கு நாள் உணவே இல்லாமல் வெறும் ஸ்பூனை விளையாடக் கொடுத்தேன். கடித்தாள், தரையில் தட்டினாள், காம்புப் பக்கத்தைச் சப்பினாள். ஐந்தாம் நாள் மசித்த பருப்பில் ஸ்பூனைத் தோய்த்து, காம்பை அவள் பக்கம் நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் ஒரு தடவல், மூக்கில் ஒரு தடவல், அப்புறம் வாய்க்குள் விட்டாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு மேலுதடு மெல்ல இறங்கி ஸ்பூனை மூடியது. இத்தனை நாளாக நான் வரவைக்கப் பார்த்தது அந்த ஓர் அசைவைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ஸ்பூன். ஒன்று அவள் கையில், ஒன்று என் கையில். அவள் ஒரு வாய் வைத்துக்கொள்வாள், நான் ஒரு வாய் ஊட்டுவேன். சில சமயம் அவள் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு, உணவு எடுத்த ஸ்பூனைக் கொடுப்பேன். பாய் முழுக்கப் பருப்பு ஆகும். ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் போதும். தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவேன், அரை மணிக்குமேல் எந்த வேளையும் இழுப்பதில்லை. புது உணவை இரண்டு முறை மறுத்தாள் என்று ஒதுக்கிவிடவில்லை. எட்டு, பத்து முறை சுவைத்த பிறகே பல குழந்தைகளுக்குப் பிடிக்கும். என் மகளுக்குக் கீரை பிடிக்கப் பல நாள் ஆனது.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ஸ்பூனில் தேன் தடவிக் கொடுத்தால் வாங்கும் என்று உறவில் ஒருவர் சொன்னார். ஒரு வயது முடியும் முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கலாம். இன்னொன்று கைபேசி. படம் பார்க்கிற குழந்தை வாயைத் திறக்கும், உண்மைதான். ஆனால் என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பது அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கணக்கில் அதுவும் புகட்டுவதுதான்.

உங்கள் வீட்டுக்கு எது என்றால், முதலில் யார் ஊட்டப்போகிறார்கள் என்று பாருங்கள். வீட்டு ஆள் என்றால் கையில் தொடங்குங்கள், ஸ்பூனை விளையாட்டுப் பொருளாகப் பக்கத்தில் வையுங்கள். வெளியாள் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பே இரண்டு ஸ்பூன் முறையைத் தொடங்குங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் மெத்தென்ற துண்டுகளும் தட்டில் இருக்கட்டும். எந்த முறையானாலும் மிக்ஸியில் அடித்த மாவு போன்ற பதத்தில் மாதக்கணக்கில் நிற்காதீர்கள். பத்து மாதத்துக்குப் பிறகும் கட்டி கட்டியான உணவு பழகாத குழந்தைகளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தொல்லை அதிகம் என்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது.

கையையும் ஸ்பூனையும் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் மறுத்தால், ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், சாப்பிட்டதும் குரல் களகளவென்று மாறினால், எடை ஏறாமல் நின்றால், முறையை மாற்றிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். குறை மாதத்தில் பிறந்த குழந்தையானால் எப்போது தொடங்குவது என்பதையே அவரிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ராத்திரிப் பருப்பு சாதம் பாட்டி கை. சனி, ஞாயிறு காலையில் இட்லி அவளே எடுத்துக்கொள்கிறாள், பக்கத்தில் அத்தை உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சங்கு மறுபடி பரணுக்குப் போய்விட்டது. காப்பகத்துக்குப் போன முதல் நாள் பதினொன்றரை மணிக்கு அங்கிருக்கும் அக்கா கூப்பிட்டார். பதறிப்போய் எடுத்தேன். "டிபன் பாக்ஸ்ல ரெண்டு ஸ்பூன் இருக்கேம்மா, ஒண்ணு தவறிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லைக்கா, அந்தப் பச்சை ஸ்பூன் அவளுக்கு, கையில் கொடுத்துவிட்டு ஊட்டுங்கள் என்றேன். சாயங்காலம் போனபோது கிண்ணம் காலியாக இருந்தது. பச்சை ஸ்பூனை மட்டும் அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை என்றார். அதைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருந்தாள்.